அறிவிப்பாளர் வரிசை

மகள் பேசத் தொடங்கும் முன் அவள் உதடு அசைந்ததா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து அவளுடைய கைடு தேவசகாயம் சார் மைக்கைச் சரிசெய்கிறேன் என்று குறுக்கே வந்து நின்றுவிட்டார், நல்ல மனிதர், உயரமும் அகலமும் அல்லாஹ் தாராளமாகக் கொடுத்திருக்கிறான், அவர் விலகியபோது ஹப்ஸா குட் மார்னிங் சொல்லி முடித்திருந்தாள். அதற்கு முன் பிஸ்மில்லாஹ் சொன்னாளா? சொல்லியிருப்பாள், சோற்றில் கை வைக்கும்போதும் செருப்பில் கால் நுழைக்கும்போதும் சொல்லி வளர்ந்த பிள்ளை, வாய் தானாகச் சொல்லும். வாய் தானாகச் சொன்னால் போதுமா, அதுதானே கேள்வி, கிளிக்குப் பழக்கினால் கிளியும்தான் சொல்லும். தலைக்கு மேலே ஏசி என் பிடரியைக் குறிவைத்து ஊதுகிறது. துண்டை எடுத்துச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் அத்தாவுக்குக் குளிருகிறதே என்று அவள் நினைப்பு சிதறும், வேண்டாம், ஊதட்டும். இன்று அவளுக்கு பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. பொதுத் தேர்வாம், கதவைத் திறந்து வைத்துத்தான் நடத்துவார்களாம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், தேர்வுக்கு நிற்கிற பிள்ளையே வந்தவர்களுக்கெல்லாம் சமோசாவும் டீயும் வாங்கித் தர வேண்டும், முடிவில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், பதில் சொல்லியே ஆக வேண்டும். போன மாதம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னாள். அன்றைக்குத் தொண்டையில் வந்து உட்கார்ந்த ஒரு கேள்வி உத்தமபாளையத்திலிருந்து மதுரை வரை வேனில் என்னோடு வந்து இப்போது இந்த நாற்காலியிலும் என்னோடு உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலம் ஓடுகிறது. எனக்கு மாத்திரை அட்டையில் இருக்கிற அளவுக்குத்தான் ஆங்கிலம் தெரியும், யூனிவர்ஸ் பிடிபடுகிறது, டெம்பரேச்சர் பிடிபடுகிறது, நாய்ஸ் நாய்ஸ் என்று திரும்பத் திரும்ப வருகிறது, அது சத்தம். திரையில் ஒரு வளைகோடு, மலை ஏறி இறங்குகிற பாதை போல வழவழவென்று போகிறது. இது எனக்குத் தெரியும், வீட்டில் சொல்லியிருக்கிறாள். எல்லாம் ஒரு காலத்தில் நெருக்கமாக, தாங்க முடியாத சூடாக இருந்ததாம், பிறகு விரிந்து விரிந்து ஆறியதாம், இன்றும் விரிகிறதாம், தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த முதல் சூட்டின் மிச்சம் இன்னும் போகவில்லை, எந்தத் திசையில் காது வைத்தாலும் ஒரே அளவாக வந்துகொண்டிருக்கிறது, இந்த அறையிலும் இருக்கிறதத்தா என்றாள், உங்க தலைப்பாகைக்கு உள்ளயும் இருக்கு என்றாள். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம். எனக்கு அது பயமாக இல்லை, உண்மையைச் சொன்னால் தொழுகைக்கு ஒளு செய்யும்போது கையில் விழுகிற தண்ணீரைப் பார்த்து இதற்கும் அவ்வளவு வயதா என்று நினைத்து நினைத்து இரண்டு முறை முகம் கழுவியிருக்கிறேன். பயம் வேறு. சின்ன வயதில் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்த பிள்ளை, ஆன்டெனா நட்ட மலைக்கும் மதுரைக்கும் போய்வர ஆரம்பித்த பிறகு என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நான் எது சொன்னாலும் சரித்தா என்கிறாள். தொழுகிறாள், பார்க்கிறேன், ஆனால் தொழுதுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாளே, அது இல்லை, உடனே எழுந்து கணினிக்குப் போய்விடுகிறாள். அவள் இன்னும் நம்புகிறாளா? அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போகிறாள், பாலைவனத்தில் அங்கேயும் ஏதோ ஆன்டெனாவாம், அதற்குள் எனக்கு இது தெரிந்தாக வேண்டும். வீட்டில் கேட்டால் அத்தா மனசு நோகக் கூடாது என்று ஆமாத்தா என்பாள். அந்த ஆமாவை வாங்கி நான் என்ன செய்ய, முப்பது வருஷமாக மதரஸாவில் ஹதீஸ், அதாவது நபிமொழிப் பாடம் நடத்துகிறவன், பாசத்தில் சொன்னதைச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே என்றால் பொய் சொல்ல மாட்டாள். இந்தத் திரைக்கு முன்னால் நின்று அவளால் பொய் சொல்ல முடியாது.

வலது பக்கம் காஜா மைதீன் செல்போனைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார், எங்கள் ஜமாஅத் செயலாளர், ஏலக்காய் வியாபாரி, வரச் சொல்லவில்லை, வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. டீக்கடைக் கட்சிக்கு என் மகள் வழிதவறியவள், உலகம் வெடித்து வந்தது என்றால் படைத்தவன் எங்கே போனான் என்று என் காதில் விழுகிற மாதிரி பேசுவார்கள், நேராகக் கேட்கத் தைரியம் கிடையாது. காஜா மைதீன் கட்சிக்கு என் மகள் பெருமை, இது எல்லாம் நம்மிடம் எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது, வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான் என்று வாட்சப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார். முதல் கட்சியையாவது பொறுத்துக்கொள்ளலாம், இந்த இரண்டாவது கட்சிதான் எனக்கு ஆகாது. வேனில் வரும்போது கேட்டேன், காஜா, நாளைக்கு இவர்கள் அளந்தது தப்பு, கணக்கை மாற்றிவிட்டோம் என்று சொன்னால் நீர் என்ன செய்வீர், வேதத்துக்கும் திருத்தம் அனுப்பச் சொல்வீரா என்று. ஹஜ்ரத்துக்கு எப்பவும் விளையாட்டுதான் என்று சிரித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மைமூன், என் வீட்டுக்காரி, அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, அத்தனை பேருக்கு முன்னாடி எம்பிள்ளை வாயால அல்லா பேரு வந்தாப் போதும் என்றாள். அவள் சொன்னபோது எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் என் தொண்டையில் இருப்பதும் அதுதான். ஆரம்பம் என்று ஒன்று இருந்தால் ஆரம்பித்து வைத்தவன் யார்? இதுதான் நான் கேட்கப் போவது. கேட்டால் அவள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நான் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவேன். சொல்லாவிட்டால் என்று நினைக்கும்போது நினைப்பு அதற்கு மேல் போக மறுக்கிறது, முட்டிக்கொண்டு நிற்கிறது, திரும்பி வந்து மறுபடி உதடு அசைந்ததா என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

திரையில் இப்போது மேகமலை. ஏலத்தோட்டத்துக்கு மேலே புல்மேடு, அதில் தகரத்தில் செய்த பெரிய கொம்பு ஒன்று வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து நிற்கிறது, அதுதான் அவள் ஆன்டெனா. அங்கே நாங்கள் போயிருக்கிறோம். செல்போன் எடுக்காத இடம் என்பதால்தான் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள், மற்ற பிள்ளைகள் செல்போன் எடுக்கவில்லை என்று அழுவார்கள், இவள் எடுக்கவில்லை என்று குதித்தாள். மைமூன் தேக்சா நிறைய நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டு வந்தாள், அட்டை கடிக்குமென்று காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டாள், ஆன்டெனாவை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தாள், இத்தனை பேர் கண்ணு படுதே என்றாள். அந்த மலையில் எங்களையும் இரண்டு மாடுகளையும் தவிர யார் கண் இருந்தது. ஹப்ஸா என் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிக் காதில் ஒரு ஹெட்போனை மாட்டினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கு என்றேன். மழை இல்லத்தா, இதுல பெரும்பாலும் மிஷினோட சத்தம், கொஞ்சூண்டு மட்டும் அந்தப் பழைய சூடு, எது அது எது இதுன்னு பிரிக்கிறதுதான் என் வேலை என்றாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொடும்போது சில நாள் வருமே, எல்லா நாளும் வராது, அந்தச் சிலிர்ப்பு. அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சோறு ஆறுது என்று சொன்னேன். அப்போது அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது, இப்போது நினைத்தால் அவளும் ஏதோ கேட்கக் காத்திருந்த மாதிரி இருக்கிறது, ஒரு வேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்னவோ.

அறையில் ஒரு சலசலப்பு. வழவழப்பான அந்த வளைகோட்டில் ஒரு இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது, அவள் சிவப்பு வெளிச்சத்தால் அதைச் சுற்றிக் காட்டுகிறாள். முன்வரிசையில் இருக்கிற வெளித் தேர்வாளர், கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளி, வெள்ளைத் தாடி, கொஞ்சம் என்னைப் போலவே இருக்கிறார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார். பள்ளம் இருக்கக் கூடாத இடத்தில் பள்ளம் இருந்தால் அது பெரிய விஷயம் போலிருக்கிறது. அடுத்த படம் வருகிறது, பார்த்ததும் அறை முழுக்கச் சிரிப்பு வெடிக்கிறது, வங்காளிக்குப் புரியவில்லை, நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளிக் குழாய். பக்கத்தில் அளவு காட்ட ஒரு ஸ்கேல். தாயத்து. எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று முப்பது வருஷமாக நான் தடை போட்டு வைத்திருக்கிற சாமான், தகட்டில் ஒன்றுமில்லை, கேட்பதை அவனிடம் கேளுங்கள் என்று எத்தனை பயானில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். மெதுவாகத் திரும்பி இடது பக்கம் பார்க்கிறேன். மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியில் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருக்கிறாள்.

தேவசகாயம் சார் எழுந்து, வீட்டார் வந்திருக்கிறார்கள், இதைத் தமிழில் சொல்லம்மா என்கிறார், அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. ஹப்ஸா சொல்கிறாள். மூன்று மாதம் அந்தப் பள்ளம் இருந்ததாம். அது நிஜமாக இருந்தால் பிரபஞ்சத்தின் முதல் நாட்களில் உலகத்தில் இதுவரை யாருக்கும் தெரியாத ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தமாம், பேர் எங்கேயோ போயிருக்குமாம், சார் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றே சொல்லிவிட்டாராம், ஆமாம் சொன்னேன் என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒப்புக்கொள்கிறார். இவள்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை என்றாளாம். கம்பியை மாற்றிப் பார்த்தாள், பள்ளம் போகவில்லை. சத்தத்தைப் பெரிதாக்குகிற பெருக்கியை மாற்றினாள், போகவில்லை. கொம்பைத் திருப்பி வைத்து வானத்தின் வேறு பக்கத்தைக் கேட்டாள், அப்போதும் அதே பள்ளம். வேறு யாராக இருந்தாலும் இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று விட்டிருப்பார்கள். அவள் கொம்பின் வாயில் இருந்த தெர்மாகோல் மூடியைப் பிரித்தாள். உள்மடிப்பில் தாயத்து தொங்கிக்கொண்டிருந்தது, அந்தக் குழாயின் நீளத்துக்குப் பொருந்துகிற அலையை மட்டும் அது தின்றுவிடுகிறதாம். கழற்றினாள், பள்ளம் மறைந்தது. இதைக் கட்டுனவங்க கெட்ட எண்ணத்துல கட்டல, என் ஆன்டெனா நல்லா இருக்கணும்னுதான் கட்டுனாங்க என்று சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அம்மாவுக்கு நேர் எதிர்ப் பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறாள், அதிலேயே மைமூன் தலை இன்னும் கொஞ்சம் கீழே போகிறது.

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுனவங்க கெட்ட எண்ணத்துல கட்டல. இந்த வாக்கியம் எனக்குத் தெரியும். இதை நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன். ஒரு செய்தி நபியிடமிருந்து வந்தது என்று ஒருவர் சொன்னால் நாங்கள் முதலில் செய்தியைப் பார்ப்பதில்லை, செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வந்த வழியைப் பார்ப்போம். நீ யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், அவருக்கு அவர் யார், இப்படி அறிவிப்பாளர் வரிசையைப் பலகையில் எழுதி ஒவ்வொரு பெயராக விசாரிப்போம். இவருக்கு வயதான பிறகு மறதி வந்தது, பெயரை அடி. இவரும் அவரும் ஒரு ஊரில் ஒரு காலத்தில் இருந்ததே இல்லை, அடி. அதிலும் மோசமானவர் கெட்டவர் இல்லை, நல்லவர்தான், ஜனங்கள் இன்னும் கொஞ்சம் பயபக்தியாக இருக்கட்டுமே என்று ஒரு நல்ல வாக்கியத்தைச் செய்து நபி பெயரில் விட்டுவிடுவார், கேட்டால் நல்ல எண்ணத்தில்தானே செய்தேன் என்பார். அவரைத்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எத்தனையோ சாக்பீஸ் தேய்ந்திருக்கிறது. பெண் பிள்ளைகளை அந்த வகுப்பில் சேர்க்கிற வழக்கம் எங்கள் மதரஸாவில் இல்லை. ஆனால் வகுப்புக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான், ஜன்னல் ஒன்று உண்டு, அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் அவள் பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாள். பாடம் எழுதினாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வானத்திலிருந்து வந்த செய்தியை இவள் வரிசை போட்டு விசாரித்திருக்கிறாள், உலகமே திரும்பிப் பார்த்திருக்கும் ஒரு அழகான வாக்கியத்தை, அம்மா கட்டிய வாக்கியத்தை, அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறாள். எனக்கு எழுந்து நின்று அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பல்கலைக்கழகம், சத்தம் போடக் கூடாது, உட்கார்ந்திருக்கிறேன், பிடரியில் குளிர் தெரியவே இல்லை.

கேள்வி நேரம். வங்காளி ஏதோ நீளமாகக் கேட்கிறார், அவள் ஏதோ நீளமாகச் சொல்கிறாள், அவர் தாடியைத் தடவித் தலையாட்டுகிறார். பொதுமக்கள் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம் என்று தேவசகாயம் சார் சொல்லி வாய் மூடவில்லை, காஜா மைதீன் செல்போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி எழுந்துவிட்டார். பாப்பா, எல்லாம் சரி, அந்தச் சூட்டுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, யாரு அதை ஆரம்பிச்சு வச்சது, அதைக் கொஞ்சம் சபைக்குச் சொல்லு என்கிறார். எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருக்கிறது. என் கேள்வி. நான் தொண்டையில் வைத்து ஒரு மாதமாக வளர்த்த கேள்வி, சட்டை மாற்றிக்கொண்டு காஜா மைதீன் வாயிலிருந்து வருகிறது, வெளியே வந்து நிற்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது, பிள்ளையின் கையைப் பிடித்து முறுக்குகிற மாதிரி இருக்கிறது. தெரியாதுங்க மாமா என்கிறாள் ஹப்ஸா. காஜா மைதீன் விடவில்லை. உனக்குத் தெரியாதா, நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, சும்மா சொல்லும்மா, வீடியோ ஓடுது. அவள் முக்காட்டின் நுனியைப் பிடித்து விரலில் சுற்றுகிறாள், சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம், பயம் வந்தால் சுற்றுவாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள். ஒரு நொடிதான், உடனே கண்ணை எடுத்துவிட்டாள், ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது, இந்தக் கேள்வியை நான் கேட்டுவிடுவேனோ என்றுதான் இவள் இத்தனை நாளும் பயந்திருக்கிறாள், அதனால்தான் சரித்தா சரித்தா. நான் எழுந்து நிற்கிறேன். முட்டியில் சத்தம் வருகிறது. காஜா மைதீன், ஹஜ்ரத்தும் கேக்குறாங்க என்று சந்தோஷமாகப் போனை என் பக்கம் திருப்புகிறார். தொண்டையில் இருந்த கேள்வி போய்விட்டது, அந்த இடத்தில் வகுப்பில் வருமே, முப்பது வருஷத்துக் குரல், அது வருகிறது.

"இந்தச் செய்தி உன்கிட்ட வந்து சேர்ந்த வரிசையைச் சொல்லு" என்கிறேன்.

முக்காட்டைச் சுற்றிய விரல் நிற்கிறது. கண் விரிகிறது. அறையில் யாருக்கும் நான் என்ன கேட்கிறேன் என்று புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது, முதுகு நிமிர்கிறது, கை இரண்டையும் வயிற்றுக்கு மேல் கட்டிக்கொள்கிறாள், என் வகுப்பில் பையன்கள் ஒப்பிக்கும்போது நிற்பார்களே, அச்சு அசல் அப்படி. அல்லாஹ்வே, அந்த ஜன்னலில் இருந்து இதையும் பார்த்திருக்கிறாள்.

"நான் கேட்டது பதிவுக் கருவிகிட்ட" என்கிறாள். "அது கேட்டது பெருக்கிகிட்ட. பெருக்கி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லும், எவ்வளவு சேர்க்கும்னு அளந்து கழிச்சுட்டேன். பெருக்கி கேட்டது கம்பிகிட்ட. கம்பி கேட்டது ஆன்டெனாகிட்ட. அங்க ஒரு பொய்யர் இருந்தார், நீக்கிட்டேன். ஆன்டெனா கேட்டது மேகமலைக் காத்துகிட்ட. ஈரமான காத்தும் கூட்டிச் சொல்லும், அதனால காய்ஞ்ச மாசத்துல மட்டும்தான் கேட்டேன். அதுக்கு மேல நம்ம பால்வீதி, அது சத்தக்காரர், அவர் குரல் எப்படி இருக்கும்னு தெரியும், பிரிச்சுட்டேன். அதுக்கும் அங்கிட்டு ரொம்பத் தூரம், ரொம்பக் காலம், நடுவுல அநேகமா யாருமே இல்லத்தா. அந்த ஒளி தனியா வந்திருக்கு. கடைசியா அதைத் தொட்டது ஆரம்பத்துல எல்லாத்தையும் மூடியிருந்த ஒரு மூட்டம். அந்த மூட்டம் விலகுறப்ப கிளம்புன ஒளிதான் இது. மூட்டத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து என்கிட்ட எதுவும் வரல. அங்க வரிசை நின்னுடுது. நின்ன இடத்துல நானும் நிறுத்திட்டேன்."

நான் விடவில்லை. வகுப்பில் நல்ல மாணவன் கிடைத்தால் நான் அங்கே நிறுத்த மாட்டேன், இன்னும் ஒரு பள்ளம் வெட்டி வைத்துத் தாண்டுகிறானா பார்ப்பேன், அந்தப் புத்தி போகாது, அதுவும் இப்போது நெஞ்சு இந்த அளவுக்கு நிறைந்திருக்கும்போது எப்படிப் போகும்.

"மேல ஒரே ஒரு பேரு போட்டா வரிசை முழுசாயிருமே" என்கிறேன்.

"முழுசாயிரும்" என்கிறாள். கண் என்னைவிட்டு அகலவில்லை. "அழகாவும் இருக்கும், எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா அங்க நான் என் காதால கேக்கலையே அத்தா. கேக்காதத ஒரு மனுசன் பேர்ல சொல்றதே இட்டுக்கட்டுறதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. அவன் பேர்ல நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவன் பேர்ல. அவன். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்கிறேன். நம்பாத ஒருத்திக்கு இந்தப் பயம் எதற்கு? இல்லாத ஒருவன் பேரில் பொய் சொல்ல யாராவது அஞ்சுவார்களா? அந்தப் பெயரைப் போட்டிருந்தால் காஜா மைதீன் வீடியோவை ஊரெல்லாம் அனுப்பியிருப்பார், டீக்கடை வாயை மூடியிருக்கும், அவள் அம்மா குளிர்ந்திருப்பாள், நானும் நிம்மதியாக வேனில் ஏறியிருப்பேன், இத்தனை பேருக்கும் லாபம், ஒரே ஒருவனுக்கு முன்னால் மட்டும் அவள் பொய்க்காரி ஆகியிருப்பாள், அந்த ஒருவனுக்காக மற்ற எல்லோரையும் தள்ளி வைத்துவிட்டு நிற்கிறாள். உதடு அசைந்ததா இல்லையா என்று காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேனே, முட்டாள் கிழவன், என்ன கேள்வி அது. எனக்கு அழுகை வருகிறது, வரட்டும், சந்தோஷத்தில் வருவதைத் துடைப்பானேன். வகுப்பில் ஒரு அறிவிப்பு எல்லா விசாரணையும் தாண்டி நின்றுவிட்டால் நான் பலகையைத் தட்டி ஒரு வார்த்தை சொல்வேன், அது என்னைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது, நல்ல சத்தமாக வந்துவிட்டது.

"ஸஹீஹ்."

வங்காளி திரும்பிப் பார்க்கிறார், என்ன அது என்று அவளிடம் கேட்கிறார். அவள் சிரிக்கிறாள், கன்னமெல்லாம் ஈரம், ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறாள், தேவசகாயம் சார் எனக்காகத் தமிழில் சொல்கிறார், விசாரித்தாகிவிட்டது, செய்தி உறுதியானது என்று எங்கத்தா சொல்றாங்க என்றாளாம். வங்காளி தாடிக்குள் சிரித்தபடி எழுந்து நின்று, நானும் அதைச் சொல்லத்தான் கல்கத்தாவிலிருந்து வந்தேன், இவர் முந்திக்கொண்டார் என்றாராம். கைதட்டுகிறார்கள். டாக்டர் ஹப்ஸா என்று யாரோ சொல்கிறார்கள், கதவுப் பக்கமிருந்து சமோசா மணம் வருகிறது. காஜா மைதீன் போனைக் கீழே இறக்கிவிட்டு, வீடியோவில் என்னதான் பதிவாகியிருக்கிறது என்று புரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை பயானில் சொல்கிறேன் காஜா, உமக்கும் டீக்கடைக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் உட்கார்ந்து, துண்டை எடுத்து, கழுத்தில் சுற்றவில்லை, இடது பக்கம் நீட்டினேன். மைமூன் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாயத்துக்கு இன்று ஒரு வார்த்தைகூடத் திட்டு இல்லை என்பதை நம்ப முடியாமல் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பக்கத்தில் சாய்ந்து, "என்னங்க, புள்ள அல்லா பேரச் சொன்னாளா?" என்றாள்.

"சொன்னா" என்றேன்.

"எனக்குக் கேக்கலையே."

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.